பீடியை வாயில் வைக்காத அம்மாவுக்கு எப்படி வந்தது இந்த இழுப்பு?

வாசகர் கேள்விக்குப் பதில் தருபவர்: வேலூரில் பணிபுரியும் நெஞ்சக நோய் மருத்துவர்

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை. அவருடைய அம்மாவுக்கு 49 வயது. 14 வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷமாக இருமல். கடந்த மார்கழியிலிருந்து இரவில் மூச்சு விசில் அடிக்கிறது. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கிறார், ஐந்தாம் நாள் பழையபடி. எக்ஸ்ரே எடுத்ததில் "ஒன்றுமில்லை" என்றார்களாம். ஒரு டாக்டர் வாயில் அடிக்கும் பம்ப் (இன்ஹேலர்) எழுதிக்கொடுத்தார். "அது அடிச்சா ஆயுசுக்கும் விடாது" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னதால், அம்மா அதைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார்.

அப்பா பீடி குடிப்பவர். ஆறு வருஷத்துக்கு முன் டிபி வந்து, மாத்திரையைப் பாதியில் விட்டு, இறந்துபோனார். அதனால் சளிப் பரிசோதனை என்றாலே அம்மாவுக்குப் பயம். டிபி என்று தெரிந்தால் பீடிக் கம்பெனி ஏஜெண்ட் சுற்றுவதற்கு இலை, புகையிலைத் தூள் தரமாட்டார் என்கிறார். வீட்டில் நாலு மாதக் கர்ப்பிணியான அண்ணியும் கூடவே உட்கார்ந்து சுற்றுகிறார். அவருடைய மூன்று வயதுக் குழந்தை மதியம் அதே அறையில்தான் தூங்குகிறது. "அம்மா பீடியை வாயில் வைத்ததே இல்லை, பிறகு எப்படி நுரையீரல் கெடும்? போனில் பார்த்தால் தூசியால் நுரையீரல் கல்லாகிவிடும், மருந்தே இல்லை என்று போட்டிருக்கிறது. வேலையை நிறுத்தச் சொல்லலாமா? நிறுத்தினால் பிஎஃப் போய்விடுமா? கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?" இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாலு நாள் வேலையை நிறுத்தினாங்க, அம்மன் புண்ணியத்துல அந்த நாலு நாளும் இருமலே இல்லை." நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வைகாசி முதல் நாள் திருவிழா என்றால் வீடு நிறைய சொந்தக்காரர்கள். விறகடுப்பு காலையிலிருந்து இரவுவரை எரிந்திருக்கும். புகை அதிகம், பீடி இல்லை, இருமலும் இல்லை. அம்மன் புண்ணியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டால் குறைகிற, வேலையில் உட்கார்ந்தால் கூடுகிற இருமல், அந்த வேலையைத்தான் கைகாட்டுகிறது. உங்கள் கிளினிக் டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, எங்களில் பலரும் கேட்பதில்லை. "என்ன வேலை?" என்றால் "வீட்டுலதான் இருக்காங்க" என்று பதில் வரும். வீட்டிலிருந்தபடி தினம் 700 பீடி சுற்றுவது அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொள்கிறது.

வாயில் வைக்காவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பீடிக்குள் ஏறத்தாழ 0.2 கிராம் புகையிலைத் தூள். 700 பீடிக்கு 140 கிராம். வருஷத்தில் 300 நாள் வேலை என்று வைத்தால் 42 கிலோ. 35 வருஷத்தில் 1,470 கிலோ, ஒன்றரை டன்னுக்கு நெருக்கம். அத்தனையும் உங்கள் அம்மாவின் மடியில் முறத்தில் கிடந்து, மூக்குக்கு ஒரு முழம் கீழே கிளறப்பட்டிருக்கிறது. அதில் எரிச்சலூட்டும் இலைத்துகள் இருக்கிறது, பூசண வித்து இருக்கலாம், செடியோடு வந்த மண்ணும் இருக்கலாம். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பீடி சுற்றும் பெண்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வெல்லம், வாழைப்பழம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று சொல்வார்கள். சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, தூசி போவது மூச்சுக்குழாயில். இரண்டும் வேறு வேறு தெரு.

போனில் நீங்கள் படித்தது சிலிக்கோசிஸ். அது கல் தூசியால் வருவது. கல் குவாரி, ஜல்லி கிரஷர், கிரானைட் அறுக்கும் இடங்களில் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் தழும்பாக இறுகிவிடும். வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும். புகையிலைத் தூள் அந்த வகை கிடையாது. அது பெரும்பாலும் மூச்சுக்குழாயின் உள்தோலை வீங்கவைத்து, சளியைக் கூட்டி, குழாயைச் சுருக்கும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது ஆஸ்துமா வகையாக இருந்தால் சரியான மருந்தில் நன்றாகக் கட்டுப்படும். "மருந்தே இல்லை" என்று முடிவுகட்டி அழுததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இப்போது அவசியமில்லை. (உங்கள் சொந்தத்தில் யாராவது கல் உடைக்கப் போனால், அவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே தண்ணீர் தெளிக்காமல் கல்லில் கை வைக்கவே கூடாது.)

முதலில் சளிப் பரிசோதனை

காரணம் தூள்தான் என்று எனக்குத் தோன்றினாலும், இதைத் தாண்டி நான் போகமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளி பார்க்க வேண்டும் என்பது விதி, உங்கள் அம்மா இரண்டு வருஷமாக இருமுகிறார். வீட்டில் ஒருவருக்கு டிபி இருந்திருக்கிறது, அதுவும் பாதியில் மாத்திரையை விட்டவர். மாத்திரையைப் பாதியில் விடும்போது கிருமி மருந்துக்கு மசியாததாக மாற வாய்ப்புண்டு. எனவே சளி கொடுக்கும்போது அப்பாவின் கதையை மறைக்காமல் சொல்லி, சிபி நாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை கேளுங்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் அவை சொல்லிவிடும். அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே நின்று, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "டிபி இல்லை" என்று நிம்மதியாகத் திரும்புபவர்கள் நிறைய.

ஏஜெண்டைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். இந்த ரிப்போர்ட்டை ஏஜெண்டிடம் சொல்லும் வேலை எந்தச் சுகாதார ஊழியருக்கும் கிடையாது. டிபி என்றே வந்தாலும், சாதாரண வகையாக இருந்தால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் 500 ஆகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000. ஏஜெண்டுக்குத் தெரியக்கூடாது என்று பேத்தி தூங்கும் அறையில் அவர் இருமிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை. அதே நாளில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால் டிபி எளிதில் ஒட்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால்?

எக்ஸ்ரே ஒரு போட்டோ. நிற்கிற வண்டியைப் போட்டோ எடுத்தால் பெயிண்ட் தெரியும், மேட்டில் இழுக்குமா என்பது தெரியாது. ஆஸ்துமாவிலும், மூச்சுக்குழாய் அடைப்பு நோயின் ஆரம்பத்திலும் எக்ஸ்ரே பளிச்சென்று இருக்கும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் சோதனை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிஎம்சி-யிலும் நெஞ்சகப் பிரிவில் செய்கிறார்கள். மூக்கில் கிளிப் போட்டு, முழு மூச்சு இழுத்து, ஒரே வெடிப்பாக ஊதி, ஆறு விநாடியாவது விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கை அணைப்பதுபோல "பூ" என்று ஊதி நிறுத்தினால் கணக்கில் சேராது. குறைந்தது மூன்று தரம் ஊதச் சொல்வார்கள். பிறகு மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியே வரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்வோம். மருந்துக்குப் பிறகும், மொத்தக் காற்றில் முதல் விநாடிப் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், நாள்பட்ட அடைப்பு நோய். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் அது வருகிறது. விறகடுப்புப் புகையே போதும்.

நல்ல நாளில் ஊதினால் ஆஸ்துமா ஒளிந்துகொள்ளவும் செய்யும். அப்படியானால் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழல், மருந்துக்கடையில் கிடைக்கும். தினம் நாலு தரம் ஊதி, எத்தனை பீடி என்று கணக்கு எழுதும் அதே நோட்டில் பக்கத்திலேயே எண்ணை எழுதுங்கள். இரண்டு வாரம் வேலை நாட்கள், பிறகு சில நாள் வேலை இல்லாமல். திருவிழாவில் தானாக நடந்த சோதனையை நாம் எழுத்தில் நடத்துகிறோம், அவ்வளவுதான். ஒரு கிராமத்து அம்மா என்னிடம் நோயின் போக்கை வேறு விதமாகச் சொன்னார்: "முன்ன ஆயிரம் சுத்துவேன், இப்ப அறுநூறு தாண்டறதுக்குள்ள நெஞ்சு அடைக்குது." எந்த மீட்டரையும்விட அந்தக் கணக்கை நான் நம்புவேன். உங்கள் அம்மாவின் பழைய நோட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய, பூசண வாடை அடிக்கிற தூளைச் சலித்த அன்று மாலையோ இரவோ காய்ச்சல், உடம்புவலி, மூச்சிரைப்பு என்று வந்து, ஓரிரு நாளில் தானாகப் போகிறதா? போகிறது என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அது வேறு வகை ஒவ்வாமை, சிடி ஸ்கேன் தேவைப்படலாம்.

பம்ப், ஊசி

பம்ப் அடிமைப்படுத்தாது. உடனே மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பூட்டமால் பம்ப், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், அதில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு அடித்தால் 200. அதே மருந்தில் 4 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் இருபது மடங்கு. "பம்ப் வேண்டாம், மாத்திரை போதும்" என்பவர்கள் உண்மையில் அதிக மருந்தைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் நீல பம்பையே தினமும் அடித்துக் காலம் தள்ளவும் கூடாது. அடிக்கடி தேவைப்பட்டால் வீக்கத்தைக் குறைக்கும் இன்னொரு பம்ப் வேண்டும். அதை அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு அடித்தால் மருந்து தொண்டையில் படியாமல் உள்ளே போகும்.

நாலு நாள் வேலை செய்யும் அந்த ஊசியில் என்ன இருந்தது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆபத்து நேரத்தில் அது உயிர்காக்கும் மருந்து. மாதம் இரண்டு தரம் என்று வருஷக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும்.

தூள் பறக்கும் அரை மணி நேரம்

சில வருஷங்களுக்கு முன் பேரணாம்பட்டுப் பக்கம் முகாமுக்குப் போனபோது ஓட்டு வீடு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே வெயில் ஒரு கம்பம்போல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பையைப் பிரித்துத் தூளை முறத்தில் கொட்டி, குலுக்கி, காம்பையும் கட்டியையும் பொறுக்கியதும் அந்த வெயில் கம்பம் பழுப்பாகிவிட்டது. அரை மணி கழித்து, ஊறின இலையில் தூள் வைத்து அமைதியாகச் சுற்றும்போது கம்பம் ஏறக்குறைய தெளிந்திருந்தது. சாயங்காலம் துடைப்பம் எடுத்ததும் மறுபடி பழுப்பு.

நாள் முழுக்க ஒரே அளவு தூசி இல்லை என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. எட்டு மணி நேரம் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேலூர் வெயிலில் யாரிடமும் நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கொட்டும்போதும், சலிக்கும்போதும், பெருக்கும்போதும் மட்டும் என்-95 கவசம், மூக்குப் பாலத்தில் இறுக அழுத்தி. புடவைத் தலைப்பும் துண்டும் பெரிய தூசியை நிறுத்தும், நுண்ணியதை விட்டுவிடும். கொட்டிச் சலிப்பதைத் திண்ணையிலோ வாசலிலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு உட்கார்ந்து செய்யலாம். பெருக்குவதற்குப் பதிலாக ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். தூளை நனைக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஈரத் தூளில் பூசணம் பிடிக்கும், அது நுரையீரலுக்கு இன்னும் கேடு, ஏஜெண்டும் பீடியைக் கழித்துவிடுவார். மிச்சத் தூள் மூடியுள்ள டின்னில், படுக்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும். வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவி, புடவை மாற்றிய பிறகுதான் சாப்பாடும் குழந்தையைத் தூக்குவதும்.

வெட்டிய இலைக் கழிவையும் பெருக்கின தூளையும் அடுப்பில் போட்டு வெந்நீர் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். தூள் கலந்த குப்பையை எரிப்பதும் பீடி குடிப்பதும் நுரையீரலுக்கு ஒன்றுதான். கேஸ் இருந்தும் வெந்நீருக்கு விறகு என்றால், அந்த அடுப்பைக் கூரைக்கு வெளியே தள்ளுங்கள்.

வேலையை நிறுத்தலாமா? ஆஸ்துமா என்று உறுதியாகி, வேலைதான் தூண்டுகிறது என்று நோட்டும் காட்டினால், தூளிலிருந்து விலகுவதுதான் மிகச் சிறந்த மருந்து. இதில் நான் பூசி மெழுகமாட்டேன். தாமதிக்கத் தாமதிக்க நுரையீரல் பழையபடி தேறும் வாய்ப்பு குறையும். ஆனால் பீடி வேலை முழுவதுமே தூள் இல்லை. இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டுவதில் தூள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி, இரண்டு வீட்டு இலையையும் உங்கள் அம்மா வெட்ட, அவர் சுற்ற, கூலியைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா பாருங்கள். பீடியை விட்டு ஊதுபத்திக்கோ மெத்தைப் பஞ்சுக்கோ போவது ஒரு தூசியிலிருந்து இன்னொரு தூசிக்குப் போவதுதான்.

அண்ணியும் குழந்தையும்

அம்மாவின் விஷயத்தில் சோதனை முடியும்வரை பொறுக்கலாம். அண்ணி விஷயத்தில் பொறுக்க ஒன்றுமில்லை. நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், எடை குறைந்து பிறக்கும் அபாயம் உண்டு. பிரசவம் முடிந்து தாய்ப்பால் கொடுக்கும்வரை அவர் தூளைத் தொடாமல் இருப்பது நல்லது. கூலி போகுமே என்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், பொருட்களும் பணமுமாக 18,000 ரூபாய் தவணைகளில் வரும், இரண்டு பிரசவம் வரை. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்) வாங்கியாகிவிட்டதா என்று இந்த வாரமே கேளுங்கள். குழந்தை வேறு அறையில் தூங்கட்டும். அம்மாவுக்கு டிபி என்று வந்தால் குழந்தையையும் அண்ணியையும் உடனே சோதிக்க வேண்டும்.

பிஎஃப், நஷ்டஈடு

நான் டாக்டர், வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். வீட்டிலிருந்து சுற்றினாலும் பீடித் தொழிலாளிக்கு பிஎஃப் உரிமை உண்டு. வேலையை விட்டால் சேர்ந்த பணம் எங்கும் போகாது. பத்து வருஷச் சேவை கணக்கில் இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். வேலையிலிருந்து விலகியவர்கள் 50 வயதிலிருந்தே குறைத்த தொகையில் கேட்கலாம். உங்கள் அம்மாவுக்கு அடுத்த வருஷம் 50. முதலில் பாஸ்புக்கில் அவர் பெயரில்தான் பணம் கட்டியிருக்கிறார்களா, எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். ஒருவர் பெயரில் உள்ள பாஸ்புக்கில் மூன்று பேர் பீடி சுற்றிக் கணக்கு ஏற்றுவது உங்கள் பக்கத்தில் சகஜம், அங்கேதான் கணக்கு குழம்பும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய தொழிலாளர் நல மருந்தகத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நஷ்டஈட்டுக்கு வழி நீளம். வேலைதான் காரணம் என்பதைக் காட்ட வேண்டும், கம்பெனி அப்பாவின் பீடியையும் விறகடுப்பையும் காரணமாகக் காட்டும். வேலூரில் தொழிற்சங்க வழியாகவோ இலவச சட்ட உதவி மையத்திலோ பேசிப் பாருங்கள். போகிறீர்களோ இல்லையோ, இப்போதே ஒன்று செய்யுங்கள்: எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயாளி சீட்டில் "35 வருஷமாக பீடி சுற்றுகிறார்" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். "வீட்டு வேலை" என்று எழுதிய சீட்டை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் இருந்தால் நாள் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உதடு நீலமாவது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறுவது என்றால் எதையும் யோசிக்காமல் 108.

ஊதிப் பார்க்கும் சோதனைக்கு முன் ஆறு மணி நேரம் நீல பம்ப் அடிக்கக் கூடாது, திணறல் வந்தால் மட்டும் விதிவிலக்கு. வரும்போது அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்து பம்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள். காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு, அம்மா அதை எப்படி அடிக்கிறார் என்று அங்கேயே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.